சம்புப் பள்ளத்துல ரெண்டு பலகை

அஞ்சுகம் ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. ரேஷன் கடை வரிசையில நிப்பா, பின்னாடி நிக்கிறவகிட்ட இடத்தைப் பாத்துக்கச் சொல்லிட்டு வாய்க்கால் வரைக்கும் போய் ஒரு பார்வை பாத்துட்டு வருவா. கல்யாணப் பந்தியில இலை போட்டு சாம்பார் ஊத்துறதுக்குள்ள வானத்தைப் பாப்பா. என் பொண்ணு கல்யாணத்துலயே பாயசம் வர்றதுக்கு முன்னாடி எழுந்து போனவ அவ. “என்னடி, உன் வீடா பத்திக்கிட்டு எரியுது?”ன்னு என் பெண்டாட்டி அன்னபூரணி கேட்டதுக்கு, “மேகம் கூடுதுக்கா, பலகையை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்”னு போனா. போனவ வரவே இல்ல. எனக்கு அதுல ரொம்ப நாள் வருத்தம்.

அந்தப் பலகை என்னன்னு சொல்லணும். எங்க வரிச்சிக்குடிக்குக் கிழக்கே, கடல் பக்கமா, இருபத்தி நாலு மா பள்ளம் ஒண்ணு கிடக்குது. எட்டு ஏக்கர்னு வச்சுக்கங்க. டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்குற ஜெகபர் சாதிக் குடும்பத்துச் சொத்து. நெல்லு போட்டா மழையில அழுகிடும், போடலன்னா சம்பும் கோரையும் ஆள் உசரத்துக்கு மண்டிடும். அதனால சம்புப் பள்ளம்னு பேரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி பறவைங்களைக் காப்பாத்துற சங்கம் ஒண்ணு அதைக் குத்தகைக்கு எடுத்துச்சு. தண்ணி வடிகால்ல இறங்குற வாயில சின்னதா ஒரு சிமெண்ட் மடை கட்டி, ரெண்டு பக்கமும் காடி விட்டு, அதுல பலகையை ஒண்ணு மேல ஒண்ணா சொருகுற மாதிரி செஞ்சாங்க. ஒரு பலகை போட்டா பள்ளத்துல தண்ணி நாலு விரக்கடை ஏறும். ஒண்ணு எடுத்தா நாலு விரக்கடை இறங்கும். மூணு பலகை நின்னா சரியான அளவு.

சரியான அளவுன்னா யாருக்குன்னு கேப்பீங்க. தாழைக்கோழிக்கு. நீலமா, செவத்த மூக்கோட, நீட்டு விரலை வச்சுக்கிட்டு சம்புக்குள்ள நடக்குமே, அதுக்கு. கார்த்திகை பொறந்தா சம்பை மடக்கி மிதிச்சு அது மேல கூடு கட்டும். தண்ணி கெண்டைக்கால்ல பாதிக்கு நின்னா கூடு பத்திரம். முழங்காலுக்கு ஏறினா முட்டை நனைஞ்சு வீணாப் போயிடும். கணுக்காலுக்கு இறங்கினா ஊர் நாயெல்லாம் நடந்தே போய்த் தின்னுட்டு வந்துடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல தண்ணியை நிறுத்தி வைக்கிறதுதான் அஞ்சுகத்துக்குச் சம்பளம். கேக்க லேசாத்தான் இருக்கும். மேலேருந்து எங்க வயல் வடிச்சல் அவ பள்ளத்துக்குத்தான் வருது. கீழே கடல் ஏத்தமா இருந்தா வடிகால் தண்ணி வாங்காது, வத்தமா இருந்தா குடுகுடுன்னு இழுத்துக்கிட்டுப் போயிடும். அசந்தா அளவு தப்பிடும். அவ ஏன் உக்கார மாட்டேங்குறான்னு எனக்குப் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

எனக்கு அந்தக் கோழியைக் கண்டா ஆகாது. மறைக்க என்ன இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் வயல்ல இறங்கி ரெண்டு மா நெல்லை மிதிச்சுத் துவைச்சுட்டுப் போயிடுச்சு. என் வயல் பள்ளத்துக்கு மேலண்டை வரப்பை ஒட்டி இருக்குது. நான் நாசமாப் போறேன், கோழிக்குக் காவல் போட்டிருக்காங்கன்னு அஞ்சுகத்தைப் பாத்து நான் கத்தாத வருஷம் இல்ல. அவ பதிலுக்குக் கத்துனதும் இல்ல. “சரிண்ணே, இந்தப் பக்கம் வராம விரட்டி விடுறேன்”னு கோலை எடுத்துக்கிட்டு ஓடுவா.

அவ விழிதியூர்ல பொறந்தவ. இருபது வயசுல இங்க வாக்கப்பட்டு வந்தா. புருஷன் கோட்டுச்சேரியில லோடு ஆட்டோ ஓட்டுறாரு, நல்ல மனுஷன், வாய் திறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. நடவுக் கூட்டத்துக்கு இவதான் முன்னாடி நிப்பா. அப்பவே அப்படித்தான், பத்துப் பேரு நடுற வரிசையில இவ மட்டும் ஒரு முழம் முன்னாடி போய்க்கிட்டே இருப்பா. நடவு மெஷின் வந்தப்புறம் அந்தக் கூட்டமே இல்லாமப் போச்சு. அந்த நேரம்தான் சங்கத்துலேருந்து சிவப்ரியான்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், தண்ணி பாக்க ஆள் தேடிக்கிட்டு வந்துச்சு. பள்ளத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு கேட்டுச்சு. ஆம்பளைங்க மூணு பேரு கரையில நின்னுக்கிட்டே ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னாங்க. அஞ்சுகம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு உள்ள இறங்கி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, “ஒரே மாதிரி இல்லம்மா, வடகிழக்கு மூலை ஆழம்”னு சொன்னா. வேலை அவளுக்குக் கிடைச்சுது.

அவளுக்கு அது வெறும் சம்பளம் இல்ல. அதுவரைக்கும் எத்தனை மணிக்கு வரணும், எந்த வயல்ல இறங்கணும், எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் செஞ்சிருக்கா. இங்க எத்தனை பலகைங்கறதை அவ முடிவு பண்ணலாம். அந்தக் கெத்து அவ நடையில தெரியும்.

போன கார்த்திகையில பள்ளத்துல பத்தொன்பது கூடு. அவ எண்ணி வச்சிருந்தா. அந்த வருஷம் கூட்டுல குஞ்சு பொரிச்சாத்தான் அடுத்த வருஷம் குத்தகைன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. இல்லன்னா மண்ணடிச்சு மனை போட ஆள் தயாரா இருக்குன்னு ஜெகபர் சாதிக் பாய் என்கிட்டயே சொன்னாரு. “எனக்கென்னங்க, காக்கா குருவி இருந்தா துஆ செய்யும். ஆனா சும்மா கிடக்குற நிலத்தை எத்தனை வருஷம் பாத்துக்கிட்டு இருக்குறது”ன்னாரு. அவரு சொல்றதும் நியாயந்தான்.

அப்பத்தான் புயல் அறிவிப்பு வந்துச்சு. புதன்கிழமை காலையில கொம்யூன் பஞ்சாயத்து ஆட்டோ மைக் வச்சுக்கிட்டு தெருத்தெருவா வருது. கடலுக்குப் போகாதீங்க, தாழ்வான இடத்துல இருக்காதீங்க, ராத்திரி கரையைக் கடக்கும், வெளியே வராதீங்கன்னு. கஜா புயல்ல கூரை பறந்ததைப் பாத்தவங்க நாங்க. கடைமடைக்காரனுக்கு இப்படி ஒரு சேதி காதுல விழுந்தா கை தானா மண்வெட்டியைத் தேடும். மழை கொட்டுறதுக்கு முன்னாடியே இருக்குற தண்ணியை வடிச்சு இடம் பண்ணி வச்சுக்கணும், இல்லன்னா மேலேருந்து வர்ற வெள்ளம் பயிரை மூழ்கடிச்சிடும். ஊரே வரப்புல நின்னுச்சு. ஆனா என் தண்ணி எங்க வடியும்? பள்ளத்துலதான் வடியணும். பள்ளம் நிறைஞ்சு நிக்குது.

நான் மடைக்குப் போனப்ப அஞ்சுகம் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா. மேல் பலகையை எடுத்துக் கரையில வச்சிருந்தா.

“ரெண்டாவதையும் எடு”ன்னேன்.

“ஒண்ணு போதும்ணே. ரெண்டு எடுத்தா கூட்டுக்குக் கீழே இறங்கிடும். மழை வந்தா அப்ப பாத்து எடுத்துக்கிறேன்.”

“அப்பன்னா எப்ப? புயல் அடிக்கையில இங்க வந்து நிப்பியா நீ? என் வயல் முங்குனா உன் சங்கத்துல கேக்கட்டுமா? கோழிக்காக ஊரை முழுக அடிச்சான்னு நாளைக்கு எல்லாரும் உன்னைத்தான் சொல்லுவாங்க, தெரிஞ்சுக்க.”

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் மடையில நாம கை வைக்கறது கிடையாது. கழுத்தை அறுத்தாலும் கிடையாது. யாரு மடையோ அவங்க கைதான் படணும், நல்லது கெட்டது எதுவானாலும் அந்தக் கைக்குத்தான் சேரும். அதனால நான் பலகையைத் தொடல. தொடாமலே அவளைத் தொட வச்சேன். விடாம கத்தினேன். பக்கத்து வயல்காரங்களும் சேந்துக்கிட்டாங்க. அவ வானத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, அப்புறம் குனிஞ்சு ரெண்டாவது பலகையைப் பிடுங்கினா. கடல் வத்தம் வேற. தண்ணி சத்தம் போட்டுக்கிட்டு ஓடுச்சு.

புயல் வரல. ராத்திரி முழுக்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தோம், ரெண்டு மணி நேரம் தூறிச்சு, அவ்வளவுதான். வடக்கே போய்க் கடல்லயே கரைஞ்சு போச்சுன்னு காலையில டிவியில சொன்னான்.

மத்தவங்க வடிச்சுட்டாங்க, நான்தான் கடைசியில வயலை வடிக்கல. பள்ளம் இறங்குனதும் மனசு ஆறிப் போச்சு, மழையைப் பாத்துட்டு வெட்டிக்கலாம்னு விட்டுட்டேன். அதனால என் வயல்ல தண்ணி அப்படியே நின்னுச்சு. பள்ளத்துல கணுக்கால் அளவுக்குக் கூட இல்ல. புயலுக்காக மேலே வாய்க்காலையும் அடைச்சுட்டாங்க, திறக்க ஒரு வாரம் ஆகும். வடிகால்லேருந்து மோட்டார் வச்சு இறைக்கலாம்னா அது பூரா உப்பு. சுத்துவட்டாரத்துல பள்ளத்துக்குப் பாயுற மாதிரி நல்ல தண்ணி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில அஞ்சுகம் எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான வரப்புல வந்து நின்னா. தண்ணி கேக்குறதுன்னா வரப்புலதான் கேக்கணும், வீட்டு வாசல்ல வந்து கேக்கறது எங்க பக்கம் பிச்சைக்குச் சமம். அவ முறையாத்தான் கேட்டா.

“பலகை மூணையும் போட்டுட்டேண்ணே. உங்க தண்ணியில பாதி விட்டீங்கன்னா போதும். வாய்க்கால் திறந்ததும் உங்களுக்கு முதல்ல பாயட்டும், நான் கூட நின்னு பாச்சி விடுறேன்.”

“பயிரு தொண்டைக்கதிரா நிக்குது, கண்ணு தெரியலயா? கதிரு வெளிய வர்ற நேரத்துல தண்ணியை விட்டுட்டு நான் பதரையா அறுக்குறது?”

“நாய் நேத்தே மோப்பம் பிடிச்சிருச்சுண்ணே.”

“பாப்போம்”னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

பாப்போம்னா எங்க ஊருல முடியாதுன்னு அர்த்தம். பயிருக்குத் தண்ணி வேணுங்கறது பொய் இல்ல. ஆனா பாதி விட்டா ஒரு வாரம் தாங்கும், அது எனக்கு நல்லாவே தெரியும். உண்மை என்னன்னா, தண்ணியை விட்டா நேத்து நான் கத்துனது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அது எனக்குப் பிடிக்கல. அறுபது வயசு ஆகப்போகுது, இந்த வீம்பு மட்டும் குறைய மாட்டேங்குது.

அன்னைக்கும் மறுநாளும் எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. வயலுக்குப் போவேன், வரப்புல நின்னு பாப்பேன், திரும்பி வருவேன். பள்ளத்துல அஞ்சுகம் கோலை வச்சுக்கிட்டு சேத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கிட்டே இருந்தா. கிழக்கே நாய் இறங்குனா கிழக்கே ஓடுவா, அதுக்குள்ள மேற்கே ரெண்டு இறங்கும். எட்டு ஏக்கர், ஒத்த ஆளு. தண்ணி இருந்தா அதுவே காவல் காத்திருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவ புருஷன் ஆட்டோவை நிறுத்திட்டு வந்து, அவரும் ஒரு கோலோட இறங்குனாரு. அப்பவும் நான் மண்வெட்டியைத் தொடல. டீக்கடையில போய் உக்காந்துக்கிட்டு, கோழிக்காக ஒரு குடும்பமே சேத்துல குதிக்குதுன்னு சிரிச்சேன். கூட நாலு பேரு சிரிச்சாங்க. நான் டீயைக் குடிக்காமலே வச்சுட்டு எழுந்துட்டேன்.

சனிக்கிழமை விடிஞ்சதும் அவ எங்க வீட்டு வாசலுக்கு வந்துட்டா. வரப்புக்கு இல்ல, வாசலுக்கு. முட்டி வரைக்கும் சேறு, கண்ணு செவந்து கிடக்குது. அன்னபூரணி கோலம் போட்டுக்கிட்டு இருந்தவ எழுந்து நின்னுட்டா.

“அண்ணே, பதினொண்ணு போயிடுச்சு. எட்டு இருக்கு. இன்னைக்குத் தவற விட்டா அதுவும் இல்ல. வாசல்ல வந்து கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கேக்குறேன்.”

நான் சட்டையைத் தேடுற மாதிரி உள்ள போனேன். அன்னபூரணி பின்னாடியே வந்தா. அவ குரலை உசத்தல. “புதன்கிழமை நீங்க கத்துனது வடக்குத் தெரு வரைக்கும் கேட்டுச்சு. வாசல்ல ஒரு பொம்பளை வந்து நிக்கிற அளவுக்குக் கொண்டு வந்துட்டீங்க. இனிமே அந்த வயல்ல விளையிற அரிசியை நான் ஆக்க மாட்டேன்”னா. முப்பத்தி நாலு வருஷத்துல அவ இப்படிப் பேசுனதில்ல. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். என் மடை, என் கைதான் வெட்டணும். நாலு கொத்துல மண்ணு பிரிஞ்சுது, தண்ணி பள்ளத்துக்குள்ள இறங்குச்சு. அஞ்சுகம் முன்னாடி போய், தண்ணி எட்டாத இடத்துக்கெல்லாம் கையாலேயே சேத்தைக் கீறி வழி பண்ணி விட்டா. மத்தியானத்துக்குள்ள கெண்டைக்காலுக்குப் பாதி வந்துடுச்சு. மிச்சம் இருந்த கோழிங்க ஒவ்வொண்ணா திரும்பி வந்து கூட்டுல உக்காந்துச்சு. நான் வெக்கத்தை விட்டு அதைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

நாய் அலைஞ்சு கலைச்ச கூடெல்லாம் சம்புக்குள்ள பிஞ்சு கிடந்துச்சு. ஓடு ஓடா கிடந்துச்சு. ஒரு கோழி, கூடு இருந்த இடத்தைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. என் நெல்லை மிதிச்ச அதே சாதிதான். இருந்தாலும் எனக்கு அதைப் பாக்க முடியல.

புயலுக்காக நிறுத்துன பஸ்ஸெல்லாம் திரும்ப ஓட ஆரம்பிச்சு, அன்னைக்குச் சாயங்காலம் சிவப்ரியா வந்து சேந்துச்சு. கரையெல்லாம் சுத்திப் பாத்து, எத்தனை பலகை எடுத்தான்னு அஞ்சுகத்துக்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டு, நோட்டோட எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி வந்து நின்னுச்சு. மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு.

“அக்கா, அளவுக்குக் கீழே போகும்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது பலகையை எதுக்கு எடுத்தீங்க? யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலம்மா. வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, பயந்துட்டேன். என் கைதான் எடுத்துச்சு.”

அவ என் பக்கம் திரும்பக் கூட இல்ல.  எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, அதையும் சொல்லிடணும்.

சிவப்ரியா என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. “சார், கதிர் வர்ற நேரத்துல உங்க பயிருக்கு வேண்டிய தண்ணியை விட்டுக் கொடுத்திருக்கீங்க. இந்த எட்டுக் கூடு இருக்குறது உங்களாலதான். சங்கத்துக்கு அனுப்பணும், அப்படியே மண்வெட்டியோட ஒரு நிமிஷம் நில்லுங்க”ன்னு போனை எடுத்துச்சு. நின்னேன். நின்னதோட இல்ல, சட்டைக் காலரை வேற சரி பண்ணிக்கிட்டேன். ரெண்டு போட்டோ எடுத்துச்சு.

அப்புறம் அஞ்சுகத்துக்கிட்ட, “எட்டுக் கூட்டுல பொரிச்சாக் கூட குத்தகைக்கு நான் பேசிப் பாக்கலாம்க்கா. ஆனா தண்ணி பாக்குறதுக்கு வேற ஆளைத்தான் போடச் சொல்லுவாங்க. என்னால எதுவும் செய்ய முடியாது”ன்னு மெதுவாச் சொல்லுச்சு. அஞ்சுகம் “சரிம்மா”ன்னா. அவ கை மட்டும் கோலை விட்டு விட்டுப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நாலு வருஷமா நிக்காத கால் அந்த நேரம் அசையாம நின்னுச்சு.

அதுக்கு மேல என்னால முடியல. “அம்மா, அவ ஒண்ணு போதும்னுதான் சொன்னா. ரெண்டாவதை எடுக்க வச்சது நான். ஊரைச் சேத்துக்கிட்டு மிரட்டினேன். தண்ணியையும் வியாழக்கிழமையே கேட்டா, இன்னைக்குத்தான் விட்டேன். எழுதிக்க. அந்தப் போட்டோவை அழிச்சிடு”ன்னேன்.

 சிவப்ரியா நோட்டுல முன்னாடி எழுதுனதை அடிச்சிட்டு, நான் சொன்னதை எழுதிக்கிச்சு. “அப்படின்னா அக்காவோட வேலைக்கு ஒண்ணும் ஆகாது”ன்னுச்சு. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அஞ்சுகம் இப்ப என்னைப் பாத்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவான்னு நினைச்சேன்.

அவ பாத்தா. நாலு வருஷமா நான் கத்தியும் என்னை ஒரு குத்தம் சொல்லாதவ, அன்னைக்குத்தான் சொன்னா.

“இதை வியாழக்கிழமை வரப்புல வச்சு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நானும் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். அன்னைக்கு பத்தொன்பது கூடும் முழுசா இருந்துச்சு.”

அவ்வளவுதான் பேசுனா. புடவையைச் சொருகிக்கிட்டு, கோலை எடுத்துக்கிட்டு, கிழக்குப் பக்கம் நாய் வருதான்னு பாக்க தண்ணியில இறங்கிப் போயிட்டா. சிவப்ரியாவும் பின்னாடியே போச்சு. எனக்கு வீட்டுக்குப் போகவும் தோணல, அங்க நிக்கவும் முடியல.